கெட்டியாக்கினால் பேரைட் படியாதா?

நீங்கள் கேட்டிருப்பது ஓர் எண். மட்டில் (துளையிடும்போது கிணற்றுக்குள் சுற்றிவரும் சேறுபோன்ற திரவம்) கனமீட்டருக்கு எத்தனை கிலோ விஸ்காசிஃபையர் (கெட்டியாக்கும் பொருள்) போட்டால் பேரைட் (மட்டுக்கு எடை கூட்டப் போடும் கனமான கனிமத் தூள்) படிவது நிற்கும் என்று. நீங்கள் தந்த விவரத்தை என் சொல்லில் ஒருமுறை அடுக்கிப் பார்க்கிறேன். 12¼ அங்குலத் துளை, 5 அங்குல டிரில் பைப், செங்குத்திலிருந்து சாய்வு 55 டிகிரி. எண்ணெய் அடிப்படை மட், எடை 1.70 (தண்ணீரை 1 என்று வைத்து). லாகிங்குக்காக (கருவி இறக்கிப் பாறையை அளப்பது) ஒன்றரை நாள் பைப் வெளியே இருந்திருக்கிறது. மறுபடி இறக்கிச் சுற்றியபோது ஷேக்கருக்கு (வெளியே வரும் மட்டைச் சலிக்கும் இயந்திரம்) முதலில் 1.61 வந்தது, பிறகு 1.87 வந்தது. "மட் தண்ணியா இருக்கு, கெட்டியாக்கு" என்று டூல் புஷர் (ரிக்கின் மேற்பார்வையாளர்) சொல்கிறார். கடைசி வரியில், பெரிய விஷயமில்லை என்பதுபோல ஒன்றைப் போட்டிருக்கிறீர்கள்: லாகிங்குக்கு முன் ஒரு பம்ப் பழுதாகி, 6 மணி நேரம் ஒரே பம்பில் நிமிடத்துக்கு 1000 லிட்டர் வீதம், பைப்பைச் சுழற்றாமல், மெதுவாகச் சுற்றினீர்கள். நான் பதில் எழுத உட்கார்ந்ததே அந்தக் கடைசி வரிக்காகத்தான். நீங்கள் உண்மையில் கேட்கவேண்டியது "எவ்வளவு கெட்டியாக்குவது" என்பதைவிட, "இந்த பேரைட் எப்போது படிந்தது" என்பதுதான் என்று நினைக்கிறேன். ஒன்றரை நாள் சும்மா நின்றபோது படிந்ததைவிட, அந்த 6 மணி நேரத்தில் அதிகம் படிந்திருக்க எல்லா வாய்ப்பும் இருக்கிறது.

நான் வேதியியல் படித்துவிட்டு, ராஜமுந்திரிப் பக்கத்துத் தரை ரிக்குகளில் தொடங்கி, பிறகு வளைகுடாவில், மொத்தம் 22 ஆண்டுகள் மட் என்ஜினியர் வேலை பார்த்தவன். கிணற்றை நேரில் பார்க்காமல், அன்றாட ரிப்போர்ட் கையில் இல்லாமல் சொல்கிறேன் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில், இது பேரைட் படிதல்தானா என்பதை உறுதிசெய்ய வேண்டும். நாங்கள் ரிக்கில் "ஸாக்" என்று சொல்லும் இந்த நோயின் அறிகுறியை வேறு சில விஷயங்களும் காட்டும். டிரிப்புக்கு (பைப்பை மேலே எடுத்து மறுபடி இறக்குவது) முன் பைப்புக்குள் கனமான ஸ்லக் (எடை கூட்டிய கொஞ்சம் மட்) பம்ப் பண்ணியிருப்பீர்கள். அது பிறகு துளைக்குள்தான் கிடக்கும், சுற்றும்போது கனமான மட்டாகவே மேலே வரும். ஆகவே அந்த ஸ்லக்கின் எடையும் கொள்ளளவும் என்ன, 1.87 எத்தனை கனமீட்டருக்கு வந்தது, இரண்டையும் ஒப்பிடுங்கள். அதேபோல 1.61 என்பது வாயு கலந்த மட்டாக இருக்கலாம். சாதாரணத் தராசில் வாயுக் குமிழியும் எடைக் குறைவும் ஒன்றுபோலத் தெரியும். அழுத்தத் தராசில் போட்டுப் பார்த்தால்தான் பிரித்தறிய முடியும். சுடச்சுட வரும் எண்ணெய் மட்டை ஆறிய மட்டோடு ஒப்பிட்டாலும் கொஞ்சம் வித்தியாசம் காட்டும், ஆனால் 0.26 அளவுக்குக் காட்டாது. எல்லாவற்றையும்விட நம்பகமான வழி ரிட்டார்ட் (மட்டைச் சூடாக்கி எண்ணெய், தண்ணீர், திடப்பொருளைப் பிரித்தளக்கும் கருவி). லேசான மாதிரி ஒன்று, கனமான மாதிரி ஒன்று எடுத்து இரண்டையும் ரிட்டார்ட்டில் வையுங்கள். உங்கள் மட்டில் திரவப் பகுதியின் அடர்த்தி 0.9 அளவில் இருக்கும், பேரைட் 4.2. அப்படியானால் எடையில் 0.26 வித்தியாசத்துக்குத் திடப்பொருளின் கொள்ளளவில் ஏறக்குறைய 8 சதவீதப் புள்ளி வித்தியாசம் வரவேண்டும். வந்தால், படிதல் உறுதி. இரண்டிலும் திடப்பொருள் ஒரே அளவில் இருந்தால், லேசான மட்டில் இருப்பது வாயு. அப்போது இந்தப் பதில் முழுவதையும் ஒதுக்கிவிட்டு, ஃப்ளோ செக்கும் (பம்பை நிறுத்திக் கிணறு தானாக ஓடுகிறதா என்று பார்ப்பது) மட் தொட்டிகளின் கொள்ளளவும்தான் உங்கள் முதல் வேலை. இது பேச்சுக்கு இடமில்லாத விஷயம்.

இனி படிதலுக்கு வருவோம். ரசம் வைத்து இறக்கி ஒரு மணி நேரம் விட்டால் மேலே தெளிவும் கீழே மண்டியும் பிரிவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். மட்டுக்குள் நடப்பதும் அடிப்படையில் அதுதான். ஸ்டோக்ஸ் 1851-ல் எழுதிய விதிப்படி, துகள் விழும் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதம், திரவத்தின் பாகுநிலைக்கு எதிர்விகிதம். ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். எடை 1.6 உள்ள, 100 சென்டிபாய்ஸ் பாகுநிலை கொண்ட ஒரு திரவத்தில் 75 மைக்ரான் பேரைட் துகள் மணிக்குச் சுமார் 29 சென்டிமீட்டர் விழும். அதே திரவத்தில் 6 மைக்ரான் துகள் மணிக்கு 2 மில்லிமீட்டர்கூட விழாது. பேரைட் மூட்டைக்குள் இந்த இரண்டு அளவும், நடுவில் உள்ள எல்லா அளவும் கலந்தே இருக்கின்றன. ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம்) வரையறைப்படி 75 மைக்ரான் சல்லடையில் தங்குவது 3 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது, 6 மைக்ரானுக்குக் கீழே உள்ளது 30 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது.

ஆனால் இந்தக் கணக்கை அப்படியே மட்டுக்குப் பொருத்தக்கூடாது. மட் தண்ணீர்போல எந்த நிலையிலும் ஒரே பாகுநிலை கொண்ட திரவமல்ல. அசையாமல் விட்டால் அது உறையும், ஜெல் ஆகும். ஒரு தனித் துகளைத் தாங்கிப்பிடிக்க எவ்வளவு ஜெல் வேண்டும் என்று பார்த்தால், 75 மைக்ரான் துகளுக்கே சுமார் 0.1 பாஸ்கல் போதும். உங்கள் 10 விநாடி ஜெல் (10 விநாடி அசையாமல் விட்டபின் எடுக்கும் ஜெல் அளவு) 5 என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மாற்றினால் சுமார் 2.4 பாஸ்கல். தேவையைப்போல இருபது மடங்குக்கு மேல் இருக்கிறது. கிணற்றின் அடிச்சூட்டில் அந்த ஜெல் குறையும், துகள்கள் ஒட்டிக் கட்டியானால் தேவை கூடும், அதெல்லாம் உண்மைதான். ஆனாலும் ஜெல் கட்டிய மட்டில், அசைவே இல்லாமல் நிற்கும்போது, பேரைட் இவ்வளவு படிந்திருக்கும் என்று நம்புவது கடினம். அசைவு வந்தால்தான் கதை மாறுகிறது. மெல்ல நகரும்போது ஜெல் உடைந்துவிடுகிறது. துகளைத் தூக்கிக் கொண்டுபோகும் அளவுக்கு ஓட்டமும் இல்லை. பிடித்து வைத்திருந்த கை விட்டுவிட்டது, தாங்க வேறு கையும் இல்லை என்ற நிலை. 1990-களின் தொடக்கத்தில் சாய்த்து வைத்த குழாய்களில் செய்த சோதனைகள் இதைத்தான் காட்டின: நிற்கும் மட்டைவிட, மெதுவாகச் சுற்றும் மட்டில் பேரைட் அதிகம் படிகிறது. ரிக்கில் பலர் இன்னும் இதை நம்புவதில்லை. "சுற்றிக்கொண்டுதானே இருந்தோம், எப்படிப் படியும்" என்று கேட்பார்கள்.

உங்கள் கிணற்றிலேயே பாருங்கள். 12¼ அங்குலத் துளையில் 5 அங்குல பைப் இருக்கும்போது நடுவே உள்ள வளைய இடைவெளியின் பரப்பு சுமார் 0.063 சதுர மீட்டர். நிமிடத்துக்கு 1000 லிட்டர் என்றால் மட் மேலேறும் சராசரி வேகம் நிமிடத்துக்கு 16 மீட்டர்தான். பொதுவாக நிமிடத்துக்கு 30 மீட்டருக்குக் கீழே போனால் கவனம் வேண்டும் என்போம். நீங்கள் அதில் பாதியில், 6 மணி நேரம் இருந்திருக்கிறீர்கள். அந்த 16 என்பதும் சராசரி. சாய்ந்த துளையில் பைப் நடுவில் நிற்பதில்லை, கீழ்ச்சுவரில் படுத்துக்கிடக்கும். மட் எளிதான வழியைத்தான் தேடும், அகலமான மேல்பக்கத்தில் ஓடிவிடும். பைப்பின் அடியில், குறுகிய இடுக்கில், ஏறக்குறைய ஓட்டமே இருக்காது. ஆற்று வளைவின் உட்பக்கத்தில் மணல் சேர்வதுபோல அங்கேதான் பேரைட் படுக்கை கட்டும். பைப் சுழன்றிருந்தால் அந்த இடுக்கில் கிடந்த மட்டைக் கிளறி மேலே ஓட்டத்துக்குள் தள்ளியிருக்கும். அதுவும் அன்று நடக்கவில்லை.

சாய்வு 55 டிகிரி என்பது இதில் மிக மோசமான இடம். இதன் காரணத்தை விளக்க 1920-க்குப் போகவேண்டும். பாய்காட் என்ற ஆங்கிலேய மருத்துவ ஆய்வாளர், சோதனைக் குழாயைச் சாய்த்து வைத்தால் இரத்த அணுக்கள் நேராக நிறுத்திய குழாயைவிட வேகமாகப் படிவதைக் கவனித்து எழுதினார். எண்ணெய்க் கிணற்றோடு அவருக்குச் சம்பந்தமில்லை. ஆனால் இன்று நம் துறையில் அந்த விளைவுக்கு அவர் பெயர்தான். நேர்க்கிணற்றில் ஒரு துகள் அடியை எட்ட ஆயிரக்கணக்கான மீட்டர் விழவேண்டும். உங்கள் 55 டிகிரித் துளையில், எந்தத் துகளும் அதிகபட்சம் 38 சென்டிமீட்டர் விழுந்தால் கீழ்ச்சுவரைத் தொட்டுவிடும். துகள் போனபின் மேல்சுவரை ஒட்டி லேசான மட் ஒரு படலமாகச் சேர்ந்து மேல்நோக்கி ஓடும். கீழ்ச்சுவரில் சேர்ந்த கனமான படுக்கை கீழ்நோக்கி வழுக்கும். இந்த இரண்டு ஓட்டமும் ஒன்றையொன்று தூண்டிவிடும். 30 டிகிரிக்குக் கீழே இது அவ்வளவு பெரிதாகாது. 75-க்கு மேலே படுக்கை சேரும், ஆனால் வழுக்கி ஓடாது, சேர்ந்த இடத்திலேயே கிடக்கும். 45 முதல் 65 வரைதான் சேரவும் செய்யும், வழுக்கவும் செய்யும். உங்களுக்கு முதலில் 1.61-ம் பிறகு 1.87-ம் வந்ததன் பொருள், மேலே லேசானதும் கீழே கனமானதும் தனித்தனியாகத் திரண்டுவிட்டன என்பதே.

இங்கே ஒரு கேள்வி எழும், பல இளைஞர்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள்: பேரைட் துளைக்குள்தானே இருக்கிறது, எங்கும் போகவில்லையே, பிறகு அடி அழுத்தம் எப்படிக் குறையும்? துகள் மட்டுக்குள் மிதந்துகொண்டோ விழுந்துகொண்டோ இருக்கும்வரை அதன் பாரம் மட்டின் மீது இருக்கிறது, மட் அதை அழுத்தமாகக் கீழே கடத்துகிறது. சுவரில் போய் உட்கார்ந்துவிட்டால் பாரத்தைச் சுவர் தாங்கிக்கொள்கிறது. அப்புறம் கிணற்றை அழுத்திப் பிடிப்பது மிச்சமிருக்கும் லேசான மட் மட்டும்தான். செங்குத்தாக அளந்தால் 1000 மீட்டர் வரும் ஒரு பகுதியில் 1.70 இருக்கவேண்டிய இடத்தில் 1.61 இருந்தால், சுமார் 9 பார், அதாவது ஏறக்குறைய 130 பிஎஸ்ஐ, காணாமல் போகிறது. டிரிப்புக்காக விட்டுவைத்த உபரி அழுத்தத்தை விழுங்க அது போதும். அதனால்தான் இதை வெறும் மட் தரப் பிரச்சினையாகப் பார்க்காதீர்கள் என்கிறேன். கிணறு பொங்குவதும், மறுபக்கம் கனமான மட் நேர்ப்பகுதிக்கு ஏறியதும் பாறை பிளந்து மட்டை இழப்பதும், இரண்டும் ஒரே டிரிப்பில் நடக்கலாம்.

நடந்தும் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்து நான்காவது ஆண்டு என்று நினைக்கிறேன், இரவு ஷிஃப்டில் நான் மட்டும். டிரிப் முடிந்து சுற்றத் தொடங்கினோம், லேசான மட் வந்தது. எடை குறைந்துவிட்டது என்று பதறி, வருவதற்கெல்லாம் பேரைட் சேர்க்கச் சொன்னேன். திருத்திய மட்டை உள்ளே அனுப்பினோம். அது கீழே இறங்கிக்கொண்டிருக்கும்போதே, அடியில் கிடந்த கனமான மட் மேலேறி வந்தது. உள்ளேயும் கனம், வெளியேயும் கனம். விடிவதற்குள் கிணறு மட்டைக் குடிக்க ஆரம்பித்தது. அதை அடைக்கவும் இழந்த மட்டை மறுபடி தயார் செய்யவும் நான்கு நாள் ஆனது. அந்த லேசான மட்டில் இல்லாத பேரைட் எங்கும் தொலைந்துபோகவில்லை, ஒன்றிரண்டு மணி நேரத்தில் தானே மேலே வரவிருந்தது. காத்திருந்து இரண்டையும் மட் தொட்டியில் கலந்திருந்தால் எடை பழைய இடத்துக்கே வந்திருக்கும். எனவே என் முதல் வேண்டுகோள்: கிணறு அமைதியாக இருக்கிறது என்பது உறுதியானால், முழுதாக இரண்டு மூன்று சுற்று சுற்றி, எடை ஒரே சீராக வரும்வரை ஒரு மூட்டை பேரைட்கூடப் போடாதீர்கள், ஒரு டிரம் எண்ணெய்கூட ஊற்றாதீர்கள்.

இப்போது டூல் புஷர் சொன்னதுக்கு வருகிறேன். அவர் சொல்வதில் ஓர் உண்மை இருக்கிறது: பேரைட்டைத் தாங்க மட்டுக்கு வலு வேண்டும். ஆனால் எந்த வேகத்தில் அந்த வலு வேண்டும் என்பதில்தான் தவறு நேர்கிறது. புனல் வழியாக ஒழுகும் நேரமும், விஸ்காமீட்டரில் (பாகுநிலை அளக்கும் சுழல் கருவி) 600, 300 ஆர்பிஎம் எண்களும் மட் வேகமாக அசையும்போது எப்படி இருக்கிறது என்பதைத்தான் சொல்லும். பைப்புக்கு அடியில் இடுக்கில் கிடக்கும் மட் அசைவது அதைவிடப் பல மடங்கு மெதுவாக. அதற்கு ஓரளவு பக்கத்தில் வருவது 3, 6 ஆர்பிஎம் எண்கள். 3 ஆர்பிஎம்மில் அசைவின் வீதம் விநாடிக்கு 5-தான். 3-ஆம் எண்ணை இரட்டித்து 6-ஆம் எண்ணைக் கழித்தால் வருவதைத்தான் குறைவேக ஈல்டு பாயின்ட் என்கிறோம். நீங்கள் தந்த எண்கள் 5-ம் 6-ம், ஆக உங்களுக்கு வருவது 4. எண்ணெய் மட்டில், இப்படிச் சாய்ந்த துளையில், குறைந்தது 7 வேண்டும், 15-க்குள் நிறுத்திக்கொள்ளலாம் என்பது துறையின் வழக்கம். எனவே உங்கள் மட்டில் ஒரு குறை உண்டுதான். ஆனால் கையில் கிடைத்த விஸ்காசிஃபையரைக் கொட்டிப் பொதுவாகக் கெட்டியாக்கினால் 600-ம் 300-ம் ஏறும், 3-ம் 6-ம் கொஞ்சமே அசையும். சுற்றும்போது அழுத்தம் கூடும். அழுத்தம் கூடினால் பாறை தாங்காது என்று டிரில்லர் பம்பைக் குறைப்பார். பம்ப் குறைந்தால் மறுபடி மெதுவான ஓட்டம், மறுபடி படிவு. எந்தப் படிவை நிறுத்தப் போனோமோ அதையே வளர்த்துவிட்டதாக முடியும். குறைவேக எண்களை மட்டும் உயர்த்தும் கொழுப்பு அமில வகை மாடிஃபையர்கள் இருக்கின்றன, அளவாகப் போடும் ஆர்கானோகிளேயும் (எண்ணெயில் மலரும்படி மாற்றிய களிமண்) உதவும். எவ்வளவு என்பதை இங்கிருந்து நான் சொன்னால் அது பொய்யாகிவிடும். 350 மில்லி மட்டில் 1 கிராம் போட்டால் பீப்பாய்க்கு 1 பவுண்டு போட்டதற்குச் சமம். நான்கு ஜாடியில் நான்கு அளவு போட்டு, அடிச்சூட்டில் 16 மணி நேரம் உருட்டி எடுத்து அளந்து பாருங்கள். உங்கள் கேள்விக்கான எண் அந்த ஜாடியில்தான் இருக்கிறது.

அதற்கும் முன்னால், உங்கள் மட் ஏன் மெலிந்தது என்று விசாரியுங்கள். பிளான்ட்டிலிருந்து புதிதாக வந்த மட்டா? ஆர்கானோகிளேக்குச் சூடும் பலமான கலக்கலும் கிடைத்தால்தான் அது மலரும். துளையிடும் பிட்டின் துளைகள் வழியாகப் பல சுற்று போய்வராத புது மட் பார்ப்பதற்குச் சரியாக இருந்தாலும் பேரைட்டைத் தாங்காது. அண்மையில் அடிப்படை எண்ணெய் ஊற்றி மெலிதாக்கினீர்களா? எண்ணெய் விகிதம் ஏறினால் குறைவேக வலு முதலில் அடிவாங்கும். வெட்டிங் ஏஜென்ட் (திடப்பொருளை எண்ணெயில் நனையவைக்கும் பொருள்) அளவும் முக்கியம். கூடினால் மட் மெலியும். குறைந்தால் பேரைட் எண்ணெயில் நனையாமல் தண்ணீரில் நனைந்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிகளாகி, கல்போல இறங்கும். மின் நிலைத்தன்மை எண் (எண்ணெயும் தண்ணீரும் கலந்த கலவை எவ்வளவு உறுதி என்று காட்டுவது) விழுவதும், உயர் அழுத்த ஃபில்ட்ரேட்டில் தண்ணீர் தெரிவதும், ஷேக்கர் சல்லடையில் பேரைட் பளபளப்பின்றி மாவுபோல அப்பிக்கொள்வதும் இதன் அடையாளங்கள். இதை விஸ்காசிஃபையர் போட்டுச் சரிசெய்ய முடியாது.

பேரைட்டையும் ஒருமுறை சந்தேகியுங்கள். சென்னையிலிருந்து திருப்பதியைத் தாண்டிக் கடப்பா பக்கம் போனால் மங்கம்பேட்டை வரும், உலகின் மிகப் பெரிய பேரைட் படிவுகளில் ஒன்று. வளைகுடாவில் நான் பிரித்த மூட்டைகளில் அந்த ஊர்க் கல்லைப் பலமுறை பார்த்திருக்கிறேன், பார்க்கும்போதெல்லாம் பக்கத்து ஊர்க்காரரைக் கண்டதுபோல ஒரு நெருக்கம் தோன்றும். நல்ல கல் குறைந்துகொண்டு வருவதால் 4.20 என்ற பழைய அடர்த்தி வரம்போடு 4.10 தரத்தையும் 2010-ல் ஏபிஐ சேர்த்துக்கொண்டது. வாங்குபவர்கள் எல்லோரும் அடர்த்தியைக் கேட்பார்கள், அரைத்த பதத்தைக் கேட்பவர்கள் குறைவு. படிதலில் அரைத்த பதம்தான் முக்கியம். மணல் அளவு பார்க்கும் கிட்டில் உள்ள சல்லடை ஏறக்குறைய அதே 75 மைக்ரான்தான். புதிய லாட்டிலிருந்து கொஞ்சம் எடுத்து அதில் கழுவிப் பார்த்தால், கொரகொரப்பாக அரைத்த சரக்கு அந்த நிமிடமே தெரிந்துவிடும். இன்னும் நுண்ணிதாக, ஒன்றிரண்டு மைக்ரானுக்கு அரைத்துப் பூச்சுப் பூசிய பேரைட்டும், 4.8 அடர்த்தியில் ஒரு மைக்ரான் அளவு உருண்டைகளாக வரும் மாங்கனீஸ் டெட்ராக்சைடும் உண்டு. ஸ்டோக்ஸ் கணக்கில் வர்க்கம் வருவதால் இவற்றின் படிவு வேகம் மிக மிகக் குறைவு. ஹெமடைட், இல்மனைட் ஆகியவை பேரைட்டைவிடக் கனமானவை, குறைந்த அளவே போதும், ஆனால் உபகரணத்தைத் தேய்க்கும். திடப்பொருளே வேண்டாம் என்றால் சீசியம் ஃபார்மேட் உப்புக்கரைசல் 2.3 வரை எடை தரும். நார்வேயின் க்விட்டெபியோர்ன், ஹுல்ட்ரா வயல்களில் அதைப் பயன்படுத்தினார்கள். விலை காரணமாக அதை வாடகைக்குத்தான் எடுப்பார்கள். இந்தப் பகுதியில் இவ்வளவு செலவுக்கு உங்கள் கம்பெனி ஒப்புக்கொள்ளும் என்று தோன்றவில்லை, அந்த அளவுக்குத் தேவையும் இல்லை.

இதுவரை சொன்னவற்றில் எதை எவ்வளவு நம்பலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மெதுவான ஓட்டத்தில் படிவு அதிகம், நடுத்தரச் சாய்வு மோசம், பைப் ஒருபக்கம் படுத்திருந்தால் இன்னும் மோசம், இவை மூன்றும் ஆய்வகத்திலும் கிணற்றிலும் திரும்பத் திரும்பப் பார்த்த உண்மைகள். 30 மீட்டர், 7 முதல் 15 போன்ற எண்கள் அப்படியல்ல. அனுபவத்தில் பழகிப்போன எல்லைகள் அவை. 8 வைத்திருந்தும் படிந்த கிணற்றைப் பார்த்திருக்கிறேன், 5-ல் ஒன்றும் ஆகாமல் முடித்ததும் உண்டு. விஸ்காமீட்டர் எண்கள் 49 அல்லது 65 டிகிரிச் சூட்டில் எடுத்தவை, உங்கள் அடிச்சூடு அதைவிட எவ்வளவோ அதிகம், அங்கே மட் எவ்வளவு மெலிகிறது என்பது உயர் அழுத்த விஸ்காமீட்டர் இருக்கும் ஆய்வகத்துக்கு அனுப்பினால்தான் தெரியும். ரிக்கிலேயே செய்யக்கூடிய ஸாக் ஷூ சோதனை ஒன்று உண்டு. விஸ்காமீட்டர் கோப்பைக்குள் ஒரு சாய்வான அச்சை வைத்து 100 ஆர்பிஎம்மில் அரை மணி நேரம் ஓட்டி, அடியில் சேர்ந்ததை ஊசியால் உறிஞ்சி எடை பார்ப்பது. எடை 0.12-க்குள் ஏறினால் பரவாயில்லை, 0.19-ஐத் தாண்டினால் மட் சரியில்லை என்பார்கள். இரண்டு மட்டில் எது மேல் என்று சொல்ல இது நல்ல சோதனை. உங்கள் துளையில் 1.87 வருமா 1.80 வருமா என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. சூட்டில் நிற்கவைத்து மேல்மட்டத்தின் எடையையும் அடிமட்டத்தின் எடையையும் ஒப்பிடும் ஸாக் ஃபேக்டரும் அப்படித்தான். 0.50 என்றால் படிவே இல்லை, 0.53-க்கு மேலே போனால் கவலை. ஆனால் அது நிற்கும் மட்டைப் பற்றியது, உங்கள் பிரச்சினை நகரும் மட். பைப் சுழற்சியிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஓட்டத்தோடு சேர்ந்த சுழற்சி உதவும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பம்பை நிறுத்திவிட்டு வெறுமனே சுழற்றுவது ஜெல்லை மட்டும் உடைத்துவிட்டுப் போகலாம் என்பது என் கருத்து, எல்லோரும் இதை ஏற்கமாட்டார்கள்.

அந்த 6 மணி நேரம்தான் காரணம் என்று நூறு சதவீதம் சொல்ல முடியுமா என்றால், முடியாது. லாகிங்குக்கு முன் இறக்கிச் சுற்றிய கடைசி பாட்டம்ஸ் அப்பில் (அடியில் இருக்கும் மட் மேலே வரும்வரை சுற்றுவது) 15 நிமிடத்துக்கு ஒருமுறை எடை எடுத்திருந்தால் தெரிந்திருக்கும். உங்கள் ரிப்போர்ட்டில் ஒரே ஓர் எண்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் அடுத்தமுறை பம்ப் பழுதானால் என்ன செய்வது என்பதை டிரில்லரோடு இன்றே பேசிவையுங்கள். இருக்கும் ஒரு பம்பில் சுற்றித்தான் ஆகவேண்டும் என்றால் பைப்பைச் சுழற்றிக்கொண்டே சுற்றட்டும். சுற்றவேண்டிய அவசியமே இல்லை, கிணறும் அமைதியாக இருக்கிறது என்றால், பைப்பைக் கேசிங் (கிணற்றுச் சுவரைக் காக்கும் இரும்புக் குழாய்) ஷூவுக்குள், அதாவது அதன் அடிமுனைக்குள், இழுத்துக்கொண்டு, மட்டை அசைக்காமல் ஜெல் கட்டவிடுவது, அரைகுறையாகச் சுற்றிக்கொண்டிருப்பதைவிடப் பல நேரம் நல்லது.

அடுத்து கேசிங் இறக்கப்போகிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் இதையும் சேர்த்துவிடுகிறேன். கீழ்ச்சுவரில் பேரைட் படுக்கை மிச்சமிருக்கும்போது கேசிங்கை இறக்கினால் அது படுக்கையை முன்னால் தள்ளிக்கொண்டே போகும், ஒரு கட்டத்தில் நின்றுவிடும். அப்படியே இறங்கிவிட்டாலும் சிமென்ட் அந்த இடங்களில் சுவரைப் பிடிக்காது. கேசிங்குக்கு முன் கிளீன் அவுட் டிரிப் ஒன்று கட்டாயம் கேளுங்கள். இறக்கும்போது நேராக அடிக்குப் போய்ச் சுற்றத் தொடங்காமல், ஷூவில் ஒருமுறை, சாய்வான பகுதியில் இரண்டு மூன்று இடங்களில் என்று நின்று நின்று சுற்றச் சொல்லுங்கள். கனமான மட் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தால் பாறைக்கு அதிர்ச்சி இருக்காது. அடியில் நின்று, முழு பம்ப், டைரக்ஷனல் ஆள் (துளையின் திசையைக் கவனிப்பவர்) அனுமதிக்கும் அளவுக்குச் சுழற்சி, ஒவ்வொரு 15 நிமிடத்துக்கும் ஓர் எடை, கூடவே திரும்பும் மட்டின் சூடு. உள்ளே போகும் எடைக்கும் வெளியே வரும் எடைக்கும் 0.02-க்குள் வந்து, ஒரு முழுச் சுற்று அப்படியே நின்றால் பைப்பை மேலே எடுக்கலாம். இரண்டு ரிட்டார்ட் முடிவும், ஸ்லக்கின் எடையும் கொள்ளளவும், மின் நிலைத்தன்மை எண்ணும், இந்த 15 நிமிடப் பட்டியலும் கிடைத்ததும் இங்கேயே போடுங்கள். எந்த மாடிஃபையரை ஜாடிச் சோதனைக்கு எடுக்கலாம் என்று அப்போது பார்த்துச் சொல்கிறேன்.